நான்கு சதுரங்களில் ஒரு போர்க்களம்

சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணியை விரித்து, அடியில் நாலு புத்தகங்களைச் செருகி ‘இதுதான் மேடு’ என்று வைத்துக்கொண்டு போர் விளையாட்டு ஆடியவர்களுக்கு ஒரு கட்டத்தில் நிஜமான களம் வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். சாலை பள்ளத்தில் இறங்க வேண்டும். மேட்டுக்குப் பின்னால் நிற்கும் படை எதிராளியின் கண்ணுக்கு மறைய வேண்டும். தொட்டால் மண் மண்ணாக இருக்க வேண்டும். அப்படி ஒரு களத்தை வீட்டிலேயே செய்வதுதான் இந்த அத்தியாயம்.

மொத்த அளவு 1200 × 1200 மி.மீ.; ஏறத்தாழ நாலுக்கு நாலு அடி. ஒரே பலகையாகச் செய்யப்போவதில்லை. 600 மி.மீ. பக்கமுள்ள நான்கு சதுரங்களாகச் செய்து, ஆடும்போது சேர்த்து, ஆடி முடித்ததும் பிரித்து பீரோவுக்குப் பின்னால் நிறுத்திவிடலாம். இது புது யோசனை அல்ல. 1812இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்முக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் செய்து கொடுத்த போர் விளையாட்டு மேசையே, நிலத்தை மாற்றி மாற்றி அடுக்கும் சதுரத் துண்டுகளால் ஆனதுதான்.

தொடங்குமுன் ஒரு விதியை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது: தரையோடு தரையாக இருப்பதை ஒட்டுங்கள், தரைக்கு மேல் எழுந்து நிற்பதை ஒட்டாதீர்கள். மேடு, சாலை, பள்ளம், குழி எல்லாம் பலகையின் பகுதி. வீடு, மரம், வேலி, பயிர் எல்லாம் தனித்தனியாக எடுத்து வைக்கக்கூடியவை. மரத்தைப் பலகையில் நட்டுவிட்டால் சிப்பாய்களை நகர்த்தும் கை அதில் இடிக்கும், அடுக்கி வைக்க முடியாது, ஒரு சண்டைக்கு மேல் அந்தக் களம் பயன்படாது. கண்காட்சிக்குச் செய்யும் மாதிரியும் ஆடுவதற்குச் செய்யும் களமும் வேறு வேறு. நாம் செய்வது இரண்டாவது.

## எந்த நிலம்?

பயிற்சிக்கு வாட்டர்லூவின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்வோம். 1815 ஜூன் 18 அன்று நடந்த அந்தப் போரின் முழுக்களத்தையும் நாலடிப் பலகையில் அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. நமக்கு வேண்டியது ஒரு மேடு, அதன் முதுகின் மேல் போகும் பள்ளமான வண்டிப்பாதை, மேட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வடக்கு தெற்காக ஓடும் கல் பாவிய நெடுஞ்சாலை, அந்தச் சாலையின் மேற்குப் பக்கம் லா ஹே சாந்த் என்ற பண்ணை வீடு, எதிர்ப்புறம் ஒரு மணல் குழி. இவ்வளவுதான். நெப்போலியனின் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற வெலிங்டனின் படையைச் சேர்ந்த மேஜர் பாரிங் தலைமையில் சுமார் 400 பேர் அந்தப் பண்ணையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தோட்டா தீர்ந்த பிறகு மாலையில்தான் அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. ஒரு சாயங்கால ஆட்டத்துக்கு இதைவிட நல்ல கதை தேட வேண்டியதில்லை.

இந்த நிலத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம், இங்கே மேடுதான் கதாநாயகன். வெலிங்டன் தன் படையின் பெரும்பகுதியை மேட்டின் பின்சரிவில் மறைத்து நிறுத்தினார். ஆகவே மேட்டைச் சரியாகச் செய்யாவிட்டால் ஆட்டமே மாறிவிடும்.

எச்சரிக்கை: இன்றைய புகைப்படங்களைப் பார்த்து மேடு செதுக்காதீர்கள். 1826இல் கட்டி முடித்த சிங்கக் குன்று என்ற நினைவுச் சின்னத்துக்காக அந்த மேட்டிலிருந்தே மண்ணை வெட்டி எடுத்தார்கள். சுமார் 40 மீட்டர் உயரத்துக்கு மண் குவிக்கப்பட்டிருக்கிறது என்றால் மேட்டின் வடிவம் எவ்வளவு மாறியிருக்கும் என்று யோசியுங்கள். 1815ஆம் ஆண்டு நிலையைக் காட்டும் வரைபடங்களையே நம்புங்கள்.

வீரர்கள் 1/72 அளவு பிளாஸ்டிக் பொம்மைகள் என்று வைத்துக்கொள்கிறேன். நிற்கும் ஆள் ஏறத்தாழ 24 மி.மீ. உயரம். உங்களுடையவை 28 மி.மீ. வகை என்றால் சாலை அகலத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

## வாங்க வேண்டியவை

- எக்ஸ்.பி.எஸ். ஃபோம் ஷீட், 25 மி.மீ. கனம், 3 ஷீட். மொட்டை மாடியில் வெயில் இறங்காமல் இருக்கப் பதிப்பார்களே, அந்த நெருக்கமான ஃபோம். பேக்கிங்கில் வரும் வெள்ளைத் தெர்மகோல் இதற்கு ஆகாது. கத்தி பட்டதும் மணி மணியாக உதிரும்.
- 6 மி.மீ. பிளைவுட், 1220 × 1220 மி.மீ. துண்டு ஒன்று. எட்டுக்கு நாலு ஷீட்டில் சரியாகப் பாதி.
- வெள்ளைப் பசை (மரத்துக்குப் போடும் ஃபெவிகால் வகை), 1 கிலோ.
- தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயிண்ட், வெள்ளை, 1 லிட்டர். பழுப்பு, மஞ்சள் காவி, கறுப்பு, பச்சை ஸ்டெய்னர் பாட்டில்கள்.
- அக்ரிலிக் வால் புட்டி, 1 கிலோ.
- சலித்த மணல், இரண்டு டம்ளர். மரம் அறுக்கும் இடத்து மரத்தூள், ஒரு பை.
- 18 மி.மீ. அகலக் கட்டர், உதிரி பிளேடுகள், ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், 80, 120 எண் உப்புத்தாள், மூங்கில் குச்சிகள்.
- முரட்டுத் தேங்காய் நார் மிதியடி ஒன்று. எதற்கு என்பது பின்னால் வரும்.

ஃபோம் ஷீட் வாங்கும்போது டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலும் 1200 × 600 மி.மீ. இருக்கும், 1250 நீளத்திலும் வரும். கடைக்காரர் அதை ‘நாலுக்கு ரெண்டு’ என்பார். ஆனால் இரண்டு அடி என்பது 610 மி.மீ. நீங்கள் பிளைவுட்டை 610க்கு அறுத்துவிட்டு 600 ஃபோமைக் கொண்டுவந்தால் ஒவ்வொரு சதுரத்திலும் 10 மி.மீ. மொட்டையாக நிற்கும். அதனால்தான் இந்த அத்தியாயத்தில் அடிக் கணக்கை விட்டு மில்லிமீட்டரில் பேசுகிறேன்.

மணல் எதுவானாலும் சரி, கடற்கரை மணல் மட்டும் வேண்டாம். அதிலுள்ள உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துப் பெயிண்டைப் பூக்கவைக்கும். எம்-சாண்ட் பயன்படுத்தினால் ஒருமுறை கழுவிக் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள்.

## பாதுகாப்பு: இதைப் படிக்காமல் கத்தியைத் தொடாதீர்கள்

கத்தி. வெட்டும் கோட்டின் பாதையில் மறு கை இருக்கக் கூடாது. ஸ்கேலைப் பிடிக்கும் விரல்கள் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி இருக்கட்டும். மழுங்கிய பிளேடுதான் ஆபத்தானது. அது இழுபடும், நீங்கள் அழுத்துவீர்கள், சட்டென்று வழுக்கும். வெட்டிய இடம் பொரிபொரியாகக் கிழிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். நுனியைக் குறடால் உடைத்து, உடைந்த துண்டை ஒரு மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். குப்பைத்தொட்டியில் நேராகப் போட்டால் குப்பை எடுப்பவர் கை கிழியும்.

சூட்டுக் கம்பி. ஃபோமை வெட்டச் சூட்டுக் கம்பிக் கட்டர் வாங்குவதானால் பேட்டரியிலோ குறைந்த வோல்ட் அடாப்டரிலோ ஓடுவதை மட்டும் வாங்குங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பிக்குக் கொடுக்கும் வித்தையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உயிர் போகும். கம்பி பட்ட இடத்தில் புகை எழுந்தால் சூடு அதிகம். அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். ஜன்னலைத் திறந்து, விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்து வேலை செய்யுங்கள். இந்தக் களத்துக்குக் கத்தியே போதும் என்பது என் கருத்து.

தூசி. உப்புத்தாள் போடும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். துணி முகக்கவசம் போதாது.

தீ. ஃபோம் எளிதில் பற்றும். சாமி விளக்கு, அடுப்பு, அயர்ன் பாக்ஸ் இருக்கும் இடத்தில் வேலை வேண்டாம். மிச்சத் துண்டுகளை எரிக்காதீர்கள்.

கரைப்பான். ஸ்ப்ரே பெயிண்ட், தின்னர், எனாமல் பெயிண்ட், ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை, செருப்புக்கும் சன்மைக்காவுக்கும் போடும் மஞ்சள் பசை இவையெல்லாம் ஃபோமைத் தின்றுவிடும். பட்ட இடம் குழிந்து குழகுழவென்று ஆகும். எந்தப் புதுப் பொருளானாலும் முதலில் மிச்சத் துண்டில் தடவி ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள்.

## அடித்தளம்

1. பிளைவுட்டைக் கடையிலேயே மெஷினில் அறுத்துத் தரச் சொல்லுங்கள்: 600 × 600, நான்கு துண்டு. 1220இல் இரண்டு 600 போக 20 மி.மீ. மிஞ்சும், ரம்பம் தின்னும் கனம் அதில் அடங்கிவிடும். ‘நாலா அறுத்துக் குடுங்க’ என்று மட்டும் சொன்னால் 608 வரும். அளவை எழுதிக் கொடுங்கள்.

2. வீட்டுக்கு வந்ததும் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு மூலையைச் சுவரோடு சேர்த்து, எதிர் மூலை நேராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் தடித்திருந்தாலும் விரலுக்குத் தெரியும். தடித்ததை உப்புத்தாளால் இழைத்துவிடுங்கள். இங்கே விட்ட பிழை கடைசிவரை கூடவே வரும்.

3. ஒவ்வொரு துண்டின் இரண்டு பக்கமும், நான்கு விளிம்பும் வெள்ளை எமல்ஷனில் ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். பசை ஒட்டும் மேல்பக்கத்தில் மட்டும் பெயிண்டைத் தண்ணீர் கலந்து மெல்லிசாக அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் ஒருமுறை உரசுங்கள்.

இந்த மூன்றாம் படியைத்தான் ஆளாளுக்குத் தாண்டிப் போவார்கள். மேலே பசை, மணல், பெயிண்ட் என்று பூசிப் பூசிக் காயும்போது அந்தப் பூச்சுகள் சுருங்கி இழுக்கும். அடிப்பக்கம் வெறுமனே இருந்தால் மூலைகள் மேலே தூக்கிக்கொள்ளும். அதன் மேல் மழைக்காலத்து ஈரம் அடிவழியாக ஏறினால் பலகை இன்னும் வளையும். நான்கு சதுரங்களும் நடுவில் சந்திக்கும் இடத்தில் மூலை தூக்கிக்கொண்டால் அதற்கு வைத்தியம் இல்லை.

4. ஃபோம் ஷீட் இரண்டை நடுவில் வெட்டி 600 × 600 துண்டுகள் நான்கு எடுங்கள். ஒரே அழுத்தில் வெட்டாதீர்கள். கட்டரைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்து, முதல் இழுப்பில் கோடு மட்டும். அடுத்தடுத்த இழுப்புகளில் ஆழம். 25 மி.மீ. கனத்துக்கு மூன்று நான்கு இழுப்பு வேண்டும்.

5. எக்ஸ்.பி.எஸ். ஷீட்டின் மேல்தோல் வழவழப்பானது, பசை பிடிக்காது. இரண்டு பக்கமும் 80 எண் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துப் பளபளப்பைப் போக்குங்கள். தூசியை ஈரத்துணியால் துடையுங்கள்.

6. பிளைவுட்டில் வெள்ளைப் பசையைப் பழைய ஏ.டி.எம். கார்டு போன்ற ஒன்றால் மெல்லிசாக இழுத்துப் பரப்புங்கள். திட்டுத்திட்டாக வேண்டாம். ஃபோமை வைத்து, விளிம்புகளை மூலைமட்டத்தால் சரிபார்த்து, சமதளத் தரையில் வைத்து மேலே கனம் ஏற்றுங்கள். 10 கிலோ அரிசி மூட்டை நன்றாக வேலை செய்யும். மூலைகளுக்குத் தடித்த புத்தகங்கள்.

7. இரண்டு நாள் தொடாதீர்கள். ஃபோம் வழியாகப் பசையின் ஈரம் வெளியேறாது. மரத்தின் வழியாகவும் ஓரங்கள் வழியாகவும்தான் போக வேண்டும். ஓரம் காய்ந்துவிட்டதைப் பார்த்துக் கனத்தை எடுத்தால், நடுவில் பசை இன்னும் பாலாகத்தான் இருக்கும்.

குறிப்பு: 25 மி.மீ. தரை ஃபோம் எதற்கு, நேராகப் பிளைவுட்டில் மேட்டை ஒட்டினால் போதாதா என்று கேட்கலாம். தரை கனமாக இருந்தால்தான் கீழ்நோக்கிச் செதுக்க முடியும். மணல் குழியும் ஓடையும் வாய்க்காலும் அந்த 25 மி.மீ.க்குள்தான் பிறக்க வேண்டும்.

## விளிம்புக் கணக்கு

ஒரு சதுரத்தை எந்தச் சதுரத்தின் பக்கத்தில் வைத்தாலும் சாலை சாலையோடு சேர வேண்டும். அதற்கு ஒரே வழி, விளிம்பைக் கடக்கும் எல்லாமே விளிம்பின் நட்ட நடுவில், 300 மி.மீ. குறியில் கடக்க வேண்டும் என்று சட்டம் போட்டுக்கொள்வது.

8. சாலைக்கு 60 மி.மீ. அகலம். ஆகவே சாலை கடக்கும் விளிம்பில் 270இலும் 330இலும் குறியிடுங்கள். ஏன் 60? உங்கள் சிப்பாய்கள் நிற்கும் அடித்தட்டு 40 மி.மீ. அகலம் என்றால், சாலைக்குள் அது நின்று இருபுறமும் மண் தெரிய வேண்டும். சாலையைவிட அடித்தட்டு அகலமாக இருந்தால் படை சாலையில் நடக்காது, சாலைக்கு மேல் மிதக்கும்.

9. மேட்டுக்கு ஒரு அச்சு வெட்டுங்கள். தடித்த அட்டையில் அடி அகலம் 350 மி.மீ., உயரம் 25 மி.மீ., உச்சித் தட்டை 100 மி.மீ. இருபுறமும் 125 மி.மீ. சரிவு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம். அப்போதுதான் சதுரத்தைத் திருப்பி வைத்தாலும் பொருந்தும். உச்சித் தட்டையின் நடுவில் 60 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளம் வரைந்து அதையும் வெட்டிவிடுங்கள், அது வண்டிப்பாதை. இந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு ஐந்தாவது சதுரம் செய்யும்போது இதுதான் கைகொடுக்கும்.

உயரத்தில் 25க்கு 125 என்றால் ஐந்துக்கு ஒன்று சரிவு. இதைவிடச் செங்குத்தாக்கினால் உலோகப் பொம்மைகள் சறுக்கி இறங்கும். நிஜ வாட்டர்லூ மேடு இவ்வளவு செங்குத்து அல்ல. ஆனால் அளவுப்படி செய்தால் பலகையில் மேடு இருப்பதே தெரியாது. 25 மி.மீ. என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: கண்ணைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால், மேட்டுக்குப் பின்னால் நிற்கும் சிப்பாயின் தொப்பி நுனி மட்டும் தெரியும்.

## மேடும் பள்ளமும்

10. மூன்றாவது ஷீட்டிலிருந்து 350 மி.மீ. அகலப் பட்டை வெட்டி, 600 நீளத்தில் இரண்டாக்குங்கள். வடக்குச் சதுரங்கள் இரண்டுக்கும் ஆளுக்கொன்று. மீதிப் பட்டை சோதனைக்கும் தனி மேடுகளுக்கும்.

11. பட்டைகளின் இரு முனையிலும் அச்சை வைத்து வரையுங்கள். கட்டரை முழுக்க நீட்டி, சரிவைத் தகடு தகடாகச் சீவுங்கள். கோட்டுக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள், மீதி உப்புத்தாளின் வேலை.

12. பசை தடவிச் சதுரத்தின் நடுவில் ஒட்டுங்கள். நகராமல் இருக்க மூங்கில் குச்சிகளைக் குத்தலாம், ஆனால் பாதை போகும் நடுப்பகுதியில் வேண்டாம். பின்னால் கத்தி அதில் மாட்டும். கனம் ஏற்றி மறுபடி இரண்டு நாள்.

13. காய்ந்ததும் இரண்டு வடக்குச் சதுரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றாகச் சேர்த்தே உப்புத்தாள் போடுங்கள். தனித்தனியாக இழைத்துப் பிறகு சேர்த்தால் இணைப்பில் படி விழும். முதலில் 80, பிறகு 120.

14. வண்டிப்பாதை: பிளேடில் 10 மி.மீ. தள்ளி ஒரு டேப் சுற்றுங்கள். டேப் வரை மட்டும் இறக்கி இரண்டு ஓரங்களையும் வெட்டி, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, பழைய ஸ்பூனால் தோண்டுங்கள். தரை சமமில்லாமல் இருந்தால் நல்லதுதான். வண்டிச் சக்கரம் போன தடம் அப்படித்தான் இருக்கும்.

15. நெடுஞ்சாலை கிழக்குப் பக்கத்து இரண்டு சதுரங்கள் வழியாகப் போகிறது. மேட்டின் சரிவில் ஏறி, உச்சியில் வண்டிப்பாதையின் ஆழத்துக்கு இறங்கி, மறுபுறம் இறங்கட்டும். நடுவில் 40 மி.மீ. கல் பாவிய தளம், இருபுறமும் 10 மி.மீ. மண் ஓரம். கற்களை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கீறுங்கள்: முதலில் சாலைக்குக் குறுக்கே 4 மி.மீ. இடைவெளியில் கோடுகள், பிறகு அந்த வரிசைகளைச் செங்கல் கட்டுபோல் மாற்றி மாற்றிச் சின்னக் கோடுகளால் உடையுங்கள். பேனா முனை ஃபோமில் பதியும்போது ஓரம் தானாக உருண்டு, தேய்ந்த கல் மாதிரியே வந்துவிடும். அவசரப்பட வேண்டாம். 1200 மி.மீ. நீளத்துக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடிக்கும். பலகையில் முதலில் கண் போய் நிற்கப்போவது இந்தச் சாலையில்தான்.

16. சாலையின் கிழக்கே, மேட்டின் தெற்கு அடிவாரத்தில், கைப்பிடி அளவுக்கு ஒரு மணல் குழி: 100 × 70 மி.மீ., 12 மி.மீ. ஆழம். சுவரைச் செங்குத்தாக விடுங்கள். உள்ளே இரண்டு அடித்தட்டு நிற்க இடம் இருக்கட்டும். பண்ணை வீட்டுக்குத் தெற்குச் சதுரத்தில் எதுவும் செதுக்க வேண்டாம். சாலைக்கு மேற்கே 150 × 120 மி.மீ. சமதளமாக விட்டுவைத்தால் போதும்.

17. மேடு தரையைத் தொடும் கோட்டில் அக்ரிலிக் புட்டியைக் கொஞ்சம் பசை கலந்து பூசி, ஈர விரலால் இழுத்து மறையுங்கள். இரண்டு சதுரங்களின் இணைப்பில் புட்டி போடும்போது நடுவில் பாலித்தீன் தாள் ஒன்றைச் செருகுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகி, பிரிக்கும்போது ஃபோம் பிய்த்துக்கொண்டு வரும்.

## மண்

18. பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, ஒரு சதுரத்துக்குத் தடவி, ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவுங்கள். கல் பாவிய தளத்தில் மட்டும் மணல் வேண்டாம். காய்ந்ததும் தட்டி உதிர்த்து, பசை ஒன்றுக்குத் தண்ணீர் மூன்று என்ற கலவையை மேலே சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவிடுங்கள். இந்த இரண்டாம் பூச்சு இல்லாவிட்டால் ஒவ்வோர் ஆட்டத்திலும் மணல் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

குறிப்பு: விளிம்புக்கு 3 மி.மீ. உள்ளேயே மணலை நிறுத்துங்கள். விளிம்பில் ஒரு மணல் ஒட்டினாலும் இரண்டு சதுரங்களுக்கு நடுவில் கறுப்பு இடைவெளி தெரியும். பக்கவாட்டில் வழிந்த பசையை ஈரமாக இருக்கும்போதே துடையுங்கள்.

## நிறம்

19. அடிவண்ணத்துக்கு எமல்ஷனில் பழுப்பும் கொஞ்சம் கறுப்பும் ஸ்டெய்னர் கலந்து அடர்பழுப்பு செய்யுங்கள். நான்கு சதுரங்களுக்கும் போதுமானதை ஒரே டப்பாவில், ஒரே தடவையில் கலக்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வரவே வராது. மிஞ்சியதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, மேலே பெயர் எழுதி வையுங்கள்.

20. காய்ந்ததும் அதே நிறத்தில் மஞ்சள் காவியும் வெள்ளையும் கூட்டி, பழைய அகலத் தூரிகையில் தொட்டு, பழைய செய்தித்தாளில் தேய்த்துத் தேய்த்து நிறம் வருவதே நின்றுபோகும் அளவுக்குத் துடையுங்கள். அந்தக் காய்ந்த தூரிகையை மேற்பரப்பில் லேசாக வீசிவீசிப் போனால் மணலின் தலைகள் மட்டும் வெளுக்கும். வாட்டர்லூ இருக்கும் பிராபான்ட் பகுதி மஞ்சள் கலந்த வண்டல் மண். நம் ஊர்ச் செம்மண் நிறத்துக்குப் போய்விடாதீர்கள்.

21. போருக்கு முந்தைய இரவு கொட்டிய மழையால் நிலம் சேறாகக் கிடந்தது. நெப்போலியன் தாக்குதலைத் தொடங்கத் தாமதித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே வண்டிப்பாதையின் தரையையும் மணல் குழியின் அடியையும் மற்ற இடங்களைவிட அடர்த்தியாக்குங்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகு சக்கரத் தடங்களில் தண்ணீரில் கரையும் பளபளப்பு வார்னிஷைச் சின்னத் தூரிகையால் வைத்தால் சேற்றுத் தண்ணீர் தேங்கி நிற்பது போலவே இருக்கும். நாலைந்து இடத்தில் போதும்.

## புல்

22. மரத்தூளை இரண்டு சல்லடைகளில் சலித்து நடுத்தரமானதை எடுங்கள். பச்சை, மஞ்சள் காவி ஸ்டெய்னரைக் கொஞ்சம் எமல்ஷனோடு தண்ணீரில் கரைத்து அதில் பிசைந்து, செய்தித்தாளில் பரப்பி முழுக்கக் காயவையுங்கள். அடர்பச்சை, வெளிர்பச்சை, வைக்கோல் நிறம் என மூன்று சாயம் போட்டுக் கடைசியில் கலந்துகொள்ளுங்கள். ஒரே பச்சையாக இருந்தால் பிளாஸ்டிக் போலத் தெரியும்.

23. பசையைத் திட்டுத்திட்டாகத் தடவித் தூவுங்கள். சாலையோரத்திலும் சரிவின் உச்சியிலும் மண் தெரியட்டும். காய்ந்ததும் 18ஆம் படியில் சொன்ன நீர்த்த பசையை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி மேலே தூற்றுங்கள்.

உள்ளே ஈரம் இருக்கும் மரத்தூளை ஒட்டினால் அடைமழை மாதங்களில் பூஞ்சை பிடிக்கும். கையில் அள்ளி இறுக்கினால் உருண்டை பிடிக்காமல் பொலபொலவென்று உதிர வேண்டும்.

## ஒட்டாமல் வைப்பவை

இப்போது மிதியடிக்கு வருவோம். வாட்டர்லூ போரின்போது அங்கே ரை என்ற தானியப் பயிர் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. இரண்டு நாள் முன்பு காத்ர் ப்ராவில் நடந்த சண்டையில் பயிருக்குள் படைகள் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் தடுமாறின. தேங்காய் நார் மிதியடியை அடிப்பக்கத்திலிருந்து வெட்டி 120 × 80 மி.மீ. துண்டுகளாக்கினால் ரை வயல் தயார். ஜூன் நடுவில் பயிர் முழுக்கப் பழுத்திருக்காது. எனவே நீர்த்த பச்சையை நுனியில் மட்டும் தடவுங்கள். துண்டுகள் தனியாக இருப்பதால், படை உள்ளே நுழைந்ததும் அந்தத் துண்டை எடுத்துவிட்டு மிதிபட்ட வயலாக வேறு தட்டைத் துண்டை வைக்கலாம்.

வேலிக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரை 10 மி.மீ. பட்டைகளாக வெட்டி, ஓரங்களைக் கிள்ளிக் கிழித்து, பசை தடவி மரத்தூளில் புரட்டுங்கள். ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டினால் நிமிர்ந்து நிற்கும். பண்ணை வீட்டையும் மரங்களையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

## சேர்ப்பதும் அடுக்குவதும்

நான்கு சதுரங்களைக் கோக்கக் காந்தம், கொக்கி, ஆணி என்று பல வழி சொல்வார்கள். எதுவும் தேவையில்லை. கிச்சன் அலமாரியில் விரிக்கும் வழுக்காத ரப்பர் வலையை அடியில் விரித்தால் போதும், சதுரங்கள் நகராது. மேசை சின்னதாக இருந்தால் சதுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே தொங்கக் கூடாது. யாராவது முழங்கையை ஊன்றினால் களத்தோடு படையும் கீழே போகும்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டிரண்டு சதுரங்களை முகத்துக்கு முகம் பார்த்து, நான்கு மூலைகளிலும் 60 மி.மீ. மரக்கட்டை வைத்து, துணிப் பட்டையால் கட்டி, நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்து மேலே பெட்டி அடுக்கினால் மேடு அமுங்கும். வெளிச்சுவரில் ஈரம் கசியும் பக்கம் வேண்டாம். மே மாத வெயிலில் காருக்குள் விட்டுப் போகவும் வேண்டாம். அந்தச் சூட்டில் ஃபோம் உருமாறலாம்.

ஓரங்கள்தான் முதலில் அடிபடும். ஃபோம் நசுங்கிய இடத்தில் புட்டி, அதன் மேல் மணல், பிறகு பாட்டிலில் எடுத்து வைத்த அதே அடர்பழுப்பு, கடைசியில் ஒரு சிட்டிகை புல். மரத்தூள் கலவையிலும் ஒரு டப்பா மிச்சம் வைத்திருங்கள்.

அடுத்து ஒரு சதுரம் கூட்டுவதானால் ஓடை ஓடும் சதுரமாகச் செய்யுங்கள்: விளிம்பில் அதே 270, 330 குறி, ஆழம் 12 மி.மீ., குறுக்கே எடுத்து வைக்கும் ஒரு பாலம்.